சொர்ணாக்கா இருக்காங்க... ஜாக்கிரதை!

பொண்ணுங்கன்னா அமைதியா இருப்பாங்கன்னு உங்களுக்கு யார் பாஸ் சொன்னது? எங்களுக்கு ஒரு மீன் கடைக்கார அண்ணன் சொன்னார். நாங்களும் நம்பினோம். அதுவும் யாரு? லேடீஸ் ஹாஸ்டல்ல, காலையில ஒரே பாத்ரூமுக்குப் பக்கெட்டோட பன்னிரண்டு பேர் வரிசையில நிக்கிற நாங்க நம்பினோம்!

கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க ஹாஸ்டல் காமன் ரூம்ல டி.வி-க்குப் பக்கத்துல ஒரு மீன் தொட்டி இருக்கு. படிச்சு முடிச்சுட்டுப் போன சீனியர் அக்காக்கள் எங்களுக்கு எழுதி வெச்சுட்டுப் போன சொத்து. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே எட்டு நியான் டெட்ரா. தரையை மோந்துக்கிட்டே திரியிற நாலு கோரிடோரஸ். எல்லாமே பரம சாது. யாரும் யாரையும் ஏன்னு கேக்காத குடும்பம்.

'ரொம்ப டல்லடிக்குதுப்பா, கலர்ஃபுல்லா ஏதாவது விடலாம்'னு ஒருத்தி ஆரம்பிச்சா. ஆளுக்கு 30 ரூபாய் வசூல். ஞாயித்துக்கிழமை மதியம் அஞ்சு பேர் கிளம்பிட்டோம். கடையில வரிசையா சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு ஃபைட்டர் மீன். ஆண் மீனுக்குப் பட்டுப் பாவாடை மாதிரி நீளமான துடுப்பு. ஆனா ரெண்டு ஆண்களை ஒண்ணா விட்டா ரத்தக்களரிதான், அது ஊருக்கே தெரியும். பக்கத்து வரிசையில குட்டைத் துடுப்போட பெண் மீன்கள். "இது லேடீஸ்மா... சண்டையே போடாது. எத்தனை வேணா ஒண்ணா விடலாம்"னார் அண்ணன். ஆறு பேரை அள்ளிட்டு வந்துட்டோம்.

பேர் வைக்கிற படலம் நைட்டு பதினோரு மணி வரைக்கும் நடந்துச்சு. நீலக் கலர்ல மிதப்பா ஒருத்தி, அவ நீலாம்பரி. சிவப்பா, வந்ததுமே ஃபில்டருக்குப் பக்கத்துல இடம் பிடிச்சவ சொர்ணாக்கா. 'படையப்பா'வும் 'தூளு'ம் நாங்க பிறக்குறதுக்கு முன்னாடி வந்த படமா இருந்தா என்ன? டி.வி-யில நூறு வாட்டி பார்த்தாச்சே! அப்புறம் சந்திரமுகி, மங்கம்மா, வேலு நாச்சியார். கடைசியா எல்லாரையும் விட அரை இன்ச் சின்னதா, வெளிர் ரோஸ் கலர்ல ஒண்ணு. அது சின்னப்பொண்ணு.

ஒன்பது நாள். அவ்வளவுதான்.

முதல் ரெண்டு நாள் ஹனிமூன். மூணாவது நாள் சொர்ணாக்கா செவுள் மூடியை விரிச்சு எல்லாரையும் மிரட்ட ஆரம்பிச்சா. 'ஸோ க்யூட்'னு வீடியோ எடுத்தோம். அஞ்சாவது நாள் மங்கம்மாவோட வால்ல ஒரு கிழிசல். 'ஃபில்டர்ல மாட்டியிருக்கும்'னு நாங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சோம். அப்போ எங்களுக்கு இன்டர்னல் எக்ஸாம் வேற. எட்டாவது நாள் நைட்டு ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க வந்தேன். சின்னப்பொண்ணு ஃபில்டருக்குப் பின்னாடி இருந்த சந்துல சொருகிக்கிட்டு இருந்துச்சு. உடம்பு முழுக்க படுக்கைவாட்டுல கறுப்புக் கோடு. துடுப்பெல்லாம் உடம்போட ஒட்டிக் கிடக்கு. 'பாவம், தூங்குது போல'ன்னு நினைச்சுட்டு லைட்டை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

காலையில அது மிதந்துக்கிட்டு இருந்துச்சு.

அந்தக் கோடுதான் அது போட்ட கூச்சல்னு எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் இதை உங்களுக்கு எழுதுறேன்.

பேரே கடிக்கும் மீன்!

பயாலஜி வேண்டாம்னுதானே இன்ஜினீயரிங் வந்தோம்? ஆனா குற்ற உணர்ச்சி படுத்தின பாட்டுல, செமஸ்டருக்குக் கூடப் படிக்காத அளவுக்கு இந்த மீனைப் பத்திப் படிச்சேன்.

ஃபைட்டரோட அறிவியல் பேர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே இதுக்குப் பேர் 'ப்ளா கத்'. அர்த்தம் என்ன தெரியுமா? கடிக்கிற மீன்! 2019-ல தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சிடுச்சு. மனுஷங்க இதைச் சண்டைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்க ஆரம்பிச்சு ஆயிரம் வருஷமாவது இருக்கும்னு 2022-ல வெளியான மரபணு ஆய்வு ஒண்ணு சொல்லுது. நல்லா யோசிச்சுப் பாருங்க. அத்தனை தலைமுறையா சண்டைக்காரனையே பார்த்துப் பார்த்துப் பெருக்கினா, அந்தக் குணம் பையனுக்கு மட்டுமா வரும்? பொண்ணுக்கும் அதே ரத்தம்தானே!

வீட்டு விஷயத்துல ஃபைட்டர் குடும்பம் நமக்கே பாடம் எடுக்கும். ஆண் மீன்தான் வாயால நுரைக் குமிழி விட்டுத் தண்ணிக்கு மேலே கூடு கட்டும். முட்டைகளை வாயில பொறுக்கிக் கூட்டுல வைக்கும். பொரியிற வரைக்கும் காவல் நிக்கும். முட்டை போட்டதும் அம்மாவை விரட்டி விட்டுடும். விடலைன்னா அம்மாவே முட்டையைத் தின்னுடும்! இவங்களைப் பார்த்தா 'அமைதியே உருவான லேடீஸ்'னு சொல்லத் தோணுது?

காட்டுல இருக்கிற ஃபைட்டர் வயல்லயும், செடி அடர்ந்த ஆழமில்லாத சதுப்புத் தண்ணியிலயும் வாழும். அங்கேயும் சண்டை உண்டு. ஆனா தோத்தவ திரும்பி ஓடிடுவா. நாலு செடி தாண்டினா ஜெயிச்சவ கண்ணுக்கே தெரிய மாட்டா. சண்டை அதோட முடிஞ்சுது. எங்க தொட்டியில ஓடினா எங்கே போறது? ரெண்டடி போனா கண்ணாடி. திரும்பினா சொர்ணாக்கா!

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்க விடாம பண்ணுச்சு. ஃபைட்டருக்குச் செவுளோட சேர்த்து, தலைக்குள்ள 'லேபிரிந்த்'னு ஒரு உறுப்பு இருக்கு. அதை வெச்சு நேரடியா காத்தை சுவாசிக்கும். அதனால அடிக்கடி மேல்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காத்துக் குடிச்சே ஆகணும். மேல்மட்டத்தை ஒரு முரட்டு மீன் ரோந்து சுத்திக்கிட்டே இருந்தா, மத்ததுக்கு வெறும் பயம் மட்டும் இல்லை... மூச்சுக்கே பஞ்சம். சின்னப்பொண்ணு உடம்புல பெரிய காயம் எதுவும் இல்லையேன்னு நாங்க குழம்பினோமே, அதுக்கு விடை இதுவா இருக்கலாம்.

கணக்குல ஃபெயில்

இன்ஜினீயரிங் படிக்கிற அஞ்சு பேர் சேர்ந்து ஒரு டேப் எடுத்து அளக்கலை பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை.

ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு... ரெண்டு கன அடி. ஒரு கன அடி தண்ணி 28.3 லிட்டர். ஆக 56.6 லிட்டர். கூழாங்கல்லு அடைக்கிற இடம், மேலே காலியா விட்ட இடம் எல்லாம் கழிச்சா 45 லிட்டர் தேறினா ஜாஸ்தி. பெண் ஃபைட்டர்களைக் கூட்டமா வெச்சிருக்கிற அனுபவசாலிகள் குறைஞ்சது 75, 80 லிட்டராவது வேணும், 100-க்கு மேல இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்றாங்க. அதுவும் செடி அடர்த்தியா இருந்தா மட்டும். எங்க தொட்டியில ஏற்கெனவே பன்னிரண்டு பேர் குடியிருந்தாங்க. அதுல ஆறு பேரைத் திணிச்சோம். செடி? ஒரே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம்!

கடைக்கார அண்ணன் மேல கோபம் வந்தது நிஜம். ஆனா அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். தொட்டி எவ்வளவு பெருசு, உள்ளே யார் யார் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லலை.

மாடியில் ஒரு காடு

அப்போ பெண் ஃபைட்டர்களை ஒண்ணா வளர்க்கவே முடியாதா? முடியும்னு எனக்குக் காட்டினது என் கிளாஸ்மேட்டோட சித்தப்பா. இருபது வருஷமா மீன் வளர்க்கிறவர். கொளத்தூர் தெரியும்ல? சென்னையில வண்ண மீன் வியாபாரத்துக்கே பேர் போன ஏரியா. அங்கே எந்தக் கடையில எந்த மீன் வந்திருக்குன்னு மனுஷன் தூக்கத்துல கேட்டாலும் சொல்வார்.

அவர் வீட்டு மாடி ரூம்ல நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல ஒரு தொட்டி. இந்த முறை நான் உடனே கணக்குப் போட்டுட்டேன்: ஒன்பது கன அடி, கிட்டத்தட்ட 255 லிட்டர்! உள்ளே மீனே தெரியலை. ஒரே காடு. ஸ்கூல்ல புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கை சோதனை பண்ணுவோமே அந்த ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, கட்டையில ஒட்டி வளர்ந்த ஜாவா ஃபெர்ன். நடுநடுவே உடைஞ்ச பூந்தொட்டி, வழுவழுன்னு தேய்ச்ச கொட்டாங்குச்சி. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பார்த்ததும் ஒவ்வொருத்தியா வெளியே வர்றாங்க. மொத்தம் ஒன்பது பேர். ஒருத்தி இன்னொருத்தியை விரட்டினா, விரட்டப்பட்டவ இலைக்குப் பின்னாடி மறைஞ்சுடுறா. விரட்டினவ அப்பவே மறந்துடுறா.

"இந்த ஒன்பதும் ஒரே முட்டைக் கூட்டத்துல பொரிஞ்ச அக்கா தங்கச்சிங்க. குஞ்சுல இருந்து ஒண்ணா வளர்ந்தது. ஒரே நாள்ல ஒண்ணா விட்டேன். ஆறு மாசமா பெரிய சண்டை இல்ல. நாளைக்கு வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்"னார். பக்கத்துல ஒரு சின்னத் தொட்டி. ஃபில்டர் ஓடிக்கிட்டே இருக்கு, மீன் இல்லை. "இது யாருக்கு அங்கிள்?"னேன். "அடி வாங்குறவளுக்கு. இந்த வீட்டுல முக்கியமான தொட்டியே இந்தக் காலித் தொட்டிதாம்மா."

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்ககிட்ட இருந்தது ஆறு மீன். இல்லாம போனது இந்தக் காலித் தொட்டிதான்.

ஆசை விடலையா? அப்போ இதைப் படிங்க!

அங்கிள்கிட்ட கத்துக்கிட்டது, அப்புறம் நான் தேடிப் படிச்சது எல்லாம் சேர்த்து உங்களுக்காக...

● முதல்ல தண்ணி, அப்புறம் மீன்: மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் ஆபத்து குறைஞ்ச நைட்ரேட்டாகவும் மாத்தும். அந்த பாக்டீரியா செட்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு டெஸ்ட் கிட் காட்டின பிறகுதான் மீன். குழாய்த் தண்ணின்னா குளோரின் நீக்கி மருந்து மறக்காதீங்க. 24 முதல் 28 டிகிரி வெப்பம் இதுக்குச் சொர்க்கம். நம்ம ஊர்ல பெரும்பாலும் ஹீட்டருக்கு வேலை இருக்காது, ஏ.சி. ரூமா இல்லாத வரைக்கும்!

● ரெண்டு, மூணு வேண்டவே வேண்டாம்: ரெண்டு பேர் இருந்தா பலசாலி பொழுதன்னைக்கும் அந்த இன்னொருத்தியையேதான் அடிப்பா. அஞ்சு, ஆறு பேருக்கு மேல இருந்தா அந்தக் கோபம் பங்கு பிரியும். எல்லாரும் ஒரே சைஸா இருக்கணும். எங்க சின்னப்பொண்ணு மாதிரி அரை இன்ச் குறைஞ்ச ஒண்ணு இருந்தா, அடி முழுக்க அதுக்குத்தான்.

● ஒரே நாள், ஒரே நேரம்: ஒருத்தி முதல்ல போய் 'இது என் ஏரியா'ன்னு பட்டா போட்டுட்டா, பின்னாடி வர்றவங்க எல்லாம் எதிரிதான். ஏற்கெனவே ஒண்ணு இருந்தா கல்லு, கட்டை, தொட்டியையெல்லாம் இடம் மாத்தி வெச்சுட்டு விடுங்க. அதுக்கும் முன்னாடி ரெண்டு வாரமாவது தனித் தொட்டியில வெச்சு நோய் இருக்கான்னு பார்த்துக்கணும்.

● லேடீஸ்தானான்னு பாருங்க: குட்டைத் துடுப்பு உள்ள ஆண் ரகமும் உண்டு, வயசுக்கு வராத பையன்களும் குட்டைத் துடுப்போடதான் இருப்பாங்க. பெண்ணுக்கு வயித்துக்கு அடியில, முட்டை வெளியே வர்ற இடத்துல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். அதை மட்டும் நம்பாம, செவுளை விரிக்கும்போது கீழே தாடி மாதிரி பெருசா தொங்குதான்னும் பாருங்க. தொங்கினா அநேகமா அது ஆண். உள்ளே விட்டா கதை கந்தல்!

● சாப்பாடு நாலு இடத்துல: ஒரே மூலையில போட்டா சொர்ணாக்காதான் பந்தியில உட்காருவா. தொட்டி முழுக்கப் பரவலா, கொஞ்சமா போடுங்க. இதோட வயிறு ரொம்பச் சின்னது.

● பக்கத்து வீட்டுக்காரங்க: கோரிடோரஸ், ரம்மி நோஸ் டெட்ரா மாதிரி சாதுக்கள் ஓகே. அவங்களையும் ஆறு பேர் கொண்ட கூட்டமா வெச்சாதான் அவங்களுக்குத் தைரியம். துடுப்பைக் கடிக்கிற டைகர் பார்ப் கூடாது. பெரிய வாலை ஆட்டிக்கிட்டு வர்ற கப்பியும், ஃபைட்டருக்குச் சொந்தக்காரங்களான கௌராமியும் வேண்டாம். சொந்தத்துக்குள்ளதானே சண்டை அதிகம்!

● பாதாம் இலை: நம்ம தெருவுல எல்லாம் நிக்குமே நாட்டு வாதுமை மரம், அதோட காஞ்ச இலையைக் கழுவிப் போட்டா தண்ணி டீ கலர்ல மாறும். தாய்லாந்துல ஃபைட்டர் வளர்க்கிறவங்க கைவைத்தியமே இதுதான். ஒளிய இடமும் ஆச்சு. ரோட்டோரப் புகையும் பூச்சி மருந்தும் படாத மரமா பார்த்து எடுங்க.

● கோடு பார்க்கக் கத்துக்குங்க: மேலிருந்து கீழா பட்டை தெரிஞ்சா அநேகமா அது முட்டை போடத் தயாரா இருக்கிற பொண்ணு. தலையில இருந்து வால் வரைக்கும் படுக்கைக் கோடு, ஒடுங்கின துடுப்பு, மூலையிலயே கிடக்கிறது, சாப்பிடாம இருக்கிறது... இதெல்லாம் 'என்னைக் காப்பாத்து'ன்னு அர்த்தம். காலையில பார்த்துக்கலாம்னு லைட்டை அணைச்சுட்டுப் போகாதீங்க. அன்னைக்கே எடுத்துத் தனியா விடுங்க.

இவ்வளவும் பண்ணினாலும் கேரன்டி கிடையாது மக்களே. மாசக்கணக்குல ஒத்துமையா இருந்த கூட்டம் ஒரே நாள்ல உடைஞ்சதும் உண்டு. 'இந்தக் கூட்டு வாழ்க்கையே மீனுக்குத் தேவையில்லாத டென்ஷன்'னு சொல்ற அனுபவசாலிகளும் நிறைய பேர் இருக்காங்க. தினமும் கவனிக்க ஆள் இல்லாத இடத்துல... அதாவது ஸ்டடி லீவுக்கும் செமஸ்டர் லீவுக்கும் பூட்டுப் போடுற ஹாஸ்டல் மாதிரி இடத்துல... இது வேண்டவே வேண்டாம்.

இப்போ எங்க தொட்டி

சின்னப்பொண்ணைக் காமன் ரூம் ஜன்னலுக்குக் கீழே இருந்த செம்பருத்திச் செடி ஓரத்துல புதைச்சோம். அடுத்து நடந்தது ஹாஸ்டல் வரலாறு காணாத ஜெனரல் பாடி மீட்டிங். ஒரு கோஷ்டி, 'அஞ்சு பேரும் இருக்கட்டும், ஹாஸ்டல் டே வருது, பார்க்க அழகா இருக்கும்'னாங்க. இன்னொரு கோஷ்டி, 'யாருக்கு அழகு?'ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்லை.

சொர்ணாக்காவுக்கு ஸ்டடி ஹால்ல மூடி போட்ட 20 லிட்டர் தொட்டி தனியா வந்தாச்சு. தனிக்குடித்தனம் போனதுல இருந்து அக்கா செம ஜாலி. விரலைக் காட்டினா பின்னாலேயே வர்றாங்க! நீலாம்பரி, மங்கம்மா, நாச்சியார் மூணு பேரையும் அங்கிள் எடுத்துக்கிட்டார். அவரோட அக்கா தங்கச்சிக் கூட்டத்தோட சேர்க்கலை. ஆளுக்கொரு தனித் தொட்டி கொடுத்திருக்கார். பெரிய தொட்டியில சந்திரமுகி மட்டும். எல்லாரையும் விட சாதுன்னு ஒன்பது நாளும் பேர் வாங்கினவ. பிளாஸ்டிக் தென்னை மரத்தைத் தூக்கிட்டு நிஜச் செடி நட்டிருக்கோம். டெட்ராவும் கோரிடோரஸும் அவளைச் சுத்தி வருது. யாரும் யாரையும் விரட்டலை. லீவு நாள்ல மாத்தி மாத்திப் பார்த்துக்க ஒரு டைம்டேபிள் போட்டிருக்கோம். தேவைப்பட்டா மாத்தி விட ஒரு காலித் தொட்டியும் ஃபில்டரோட ஓடிக்கிட்டு இருக்கு.

புதுசா வந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க, "ஏன்க்கா ஒரே ஒரு ஃபைட்டர்தான் இருக்கு? ரொம்ப காலியா இருக்கே... இன்னும் நாலு விடலாம்ல?"ன்னு கேட்டாங்க.

நாங்க ஒண்ணும் சொல்லலை. கையில ஒரு டேப்பைக் கொடுத்தோம்.

நீங்களும் கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பார்த்துடுங்க ஃப்ரெண்ட்ஸ். மீன் தானா நம்ம வீட்டுக்கு வரலை. நாமதானே கவர்ல போட்டுக் கூட்டிட்டு வர்றோம்!